இரண்டு மீட்டர் தள்ளி இருந்த சீனி அண்ணன்

சீனி அண்ணனின் முழுப்பெயர் சீனிவாசகம். ஈப்போவின் புந்தோங் பகுதியில் அவருடைய முடிவெட்டும் கடைக்குப் போகிற பலருக்கு அந்தப் பெயர் தெரியாது. மற்றபடி அவரைப் பற்றித் தெரியாதது ஒன்றும் கிடையாது, எல்லாவற்றையும் அவரே சொல்லிவிடுவார். தாப்பாவுக்கு உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தது, தோட்டத்துப் பந்து விளையாட்டுக் குழுவுக்குக் கோல்கீப்பராக இருந்தது, கோல் கம்பத்தில் நின்றுகொண்டே வானொலி பாணியில் வர்ணனை செய்ததில் பந்து உள்ளே போனதையும் தானே அறிவித்தது, அதன்பிறகு குழு அவரைப் பந்திலிருந்து விலக்கி விளையாட்டாளர்களுக்கு முடிவெட்டச் சொன்னது. அப்படித்தான் தொழில் வந்தது. தோட்டம் கைமாறி எண்ணெய்ப்பனை வைத்தபோது ஈப்போவுக்கு வந்து கடை போட்டார்.

அந்தக் கடையில் நான் முப்பது வருடமாக முடிவெட்டிக்கொள்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து துணியைப் போர்த்தியதும் சீனி அண்ணன் பேசத் தொடங்குவார். முடி முடியும், பேச்சு முடியாது. காசு கொடுத்துவிட்டு வாசலில் செருப்பு மாட்டும்போதும் பின்னாலேயே வந்து பேசுவார். கத்தரிக்கோல் கையில் இருப்பதால் யாரும் குறுக்கே பேசியதில்லை.

அவருடைய தொண்டையில் கட்டி இருப்பதைக் கண்டுபிடித்தவர் தம்பிமுத்து ஐயா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், எழுபதைத் தாண்டியவர், தோட்டத்து ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸராக இருந்து ஓய்வு பெற்றவர். தலையில் முடி அதிகம் இல்லை என்றாலும் சவரம் செய்துகொள்ள வாரம் தவறாமல் வருவார். சவரம் செய்துகொள்கிறவர் மல்லாந்து கிடக்கிறார். அவர் கண்ணுக்கு நேரே இருப்பது முடிவெட்டுகிறவரின் தொண்டைதான். சீனி அண்ணன் பேசிக்கொண்டே இருந்ததால் அந்தத் தொண்டை ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. அதோடு சேர்ந்து வேறொன்றும் ஏறி இறங்கியது.

"சீனி, ஒருக்கா விழுங்கும் பாப்பம்" என்றார் ஐயா, கன்னத்தில் நுரையோடு.

"என்னத்த ஐயா முழுங்குறது?"

"எச்சிலைத்தான். கதையை நிப்பாட்டிப்போட்டு விழுங்கும்."

சீனி அண்ணன் விழுங்கினார். ஐயா எழுந்து உட்கார்ந்து இரண்டு விரலால் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பாதி முகத்தில் நுரையும் பாதி முகத்தில் தாடியுமாக, "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போம்" என்றார். சீனி அண்ணன் சிரித்து மழுப்பப் பார்த்தார். "நீர் போகாட்டி மிச்சச் சவரத்தை வேறெங்கையாவது போய் எடுப்பன்" என்றார் ஐயா. தன் கடையில் தொடங்கிய முகத்தை வேறொரு கடையில் முடிப்பதா? சீனி அண்ணனுக்கு அந்த மிரட்டல் போதுமானதாக இருந்தது.

கட்டியில் ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தார்கள். தைராய்டு சுரப்பியில் புற்று.

அந்தச் செய்தியை வீட்டில் சொன்ன விதத்தை அவர் மனைவி நல்லம்மாள் அக்கா இன்றும் சொல்லிச் சொல்லித் திட்டுவார். அக்கா பள்ளிக்கூடச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறவர். வேலை முடிந்து வந்து கால் நீட்டியவரிடம் இவர் போய், "கேன்சர்லயும் நல்ல கேன்சர்னு ஒன்னு இருக்காம் புள்ள. நமக்குக் கெடச்சிருக்கிறது அது" என்றார், அதிர்ஷ்டக் குலுக்கலில் மின்விசிறி பரிசாக விழுந்தவர் மாதிரி.

அக்கா நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். பிறகு கேட்டார்: "நல்லதா இருந்தா எதுக்குங்க வெட்டி எடுக்குறாங்க?"

 அன்று இருவரும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

ஈப்போவிலேயே அறுவை நடந்தது. சுரப்பியை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் மெல்லிய கோடு ஒன்று மிஞ்சியது. குரல் மிஞ்சவில்லை. குரல் நரம்பு வீங்கியிருக்கிறது, மாதக்கணக்கில் ஆனாலும் திரும்ப வரும் என்றார் டாக்டர். அதுவரை சீனி அண்ணன் வாயைத் திறந்தால் காற்றுப் போன டயர் மாதிரி ஓர் ஓசைதான்.

மூன்று வாரம் கழித்துக் கடை திறந்தார். நாங்கள் முடிவெட்டப் போனோம். துணியைப் போர்த்தினார். கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. அந்த அமைதியில் எனக்கு வியர்த்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நானே பேச ஆரம்பித்தேன். என் மைத்துனனோடு பத்து வருடமாகப் பேச்சு இல்லை என்று சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. சீனி அண்ணன் கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வீட்டுக்குப் போனதும் மைத்துனனுக்குப் போன் போட்டேன். அவன் யார் பேசுவது என்று கேட்டான், அது வேறு கதை.

எனக்கு மட்டும் இல்லை, எல்லாருக்கும் அதேதான் நடந்தது. தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிற பிச்சைமுத்து என்பவன், "குட்டையா" என்ற ஒரே ஒரு சொல்லுக்கு மேல் அந்தக் கடையில் வாயைத் திறந்ததில்லை. அவன் இப்போது, "ஆளெல்லாம் எறக்கிவிட்டுட்டு வெறும் வேன்ல திரும்பி வருவேன்ல அண்ணே, அப்ப தனியா பேசிக்கிட்டே வருவேன். சீட்டுக்கு ஒரு பேரு வச்சிருக்கேன்" என்றான். சீனி அண்ணன் கத்தரியை நிறுத்திவிட்டு அவன் தோளைத் தட்டினாராம். அடுத்த மாதம் பினாங்கு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றபோது, "நான் கொண்டு போறேன்" என்று முதலில் வந்து நின்றவன் அவன்தான்.

பினாங்குக்குப் போவது கதிர் மருந்துக்கு. கதிரியக்க அயோடினை ஒரு மாத்திரையாக விழுங்க வேண்டும். மிச்சம் மீதி இருக்கிற புற்றை அது தேடிப்போய் எரிக்கும். அதற்கு முன்னால் இரண்டு வாரம் சாதாரண அயோடின் உடம்பில் சேரக்கூடாது என்று பத்தியம் சொன்னார்கள். உடம்பு தளர்ந்ததால் அண்ணன் அப்போதே கடையையும் மூடிவிட்டார். அக்கா வேலைக்குப் போகிற நாட்களில் அண்ணனுக்கு மதியச் சாப்பாடு முடிவெட்டும் கடைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில்தான். கடைக்காரர் நாகூர் மீரான் பாய். அவருடைய மீன்தலைக் கறிக்கு மேடான் கிட் பேருந்து நிலையத்திலிருந்தெல்லாம் ஆள் வரும். அண்ணனுக்காக நல்லம்மாள் அக்கா போய்ப் பத்தியத்தை ஒப்பித்தார்.

"கடை உப்பு ஆகாது பாய். மீன், எறா, முட்ட, பாலு, ஒன்னும் ஆகாது."

பாய் யோசித்தார். "அப்ப தட்ட மட்டும் நல்லா கழுவித் தரவா?"

ஆனாலும் சமைத்தார். உப்பில்லாமல் ஒரு கோழிக்கறி. அவர் கடையின் மானம் அதில் இருந்ததால் மிளகு, சீரகம், இஞ்சி, எலுமிச்சை என்று என்னென்னவோ போட்டு உப்பின் இடத்தை நிரப்பப் பார்த்தார். சீனி அண்ணன் ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. பாய் நெகிழ்ந்துபோய், "நல்லாருக்கா அண்ணே?" என்றார். அண்ணன் கட்டைவிரலை உயர்த்தினார். பிறகு தட்டை எடுத்துப் பாயே ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்தார். "மன்னிச்சிருங்க அண்ணே" என்றார். அந்த இரண்டு வாரமும் அண்ணன் சாப்பிடும் நேரத்தில் பாயும் எதிரே உட்கார்ந்து அதே உப்பில்லாத சோற்றைச் சாப்பிட்டார். யாரும் கேட்டுக்கொண்டது இல்லை. அவர் சமைத்ததற்கு அவருக்கே தண்டனை என்று பிச்சைமுத்து சொன்னான்.

பினாங்கில் நடந்ததெல்லாம் சீனி அண்ணன் பிற்பாடு எனக்குச் சொன்னது. கனமான கதவுள்ள ஒரு தனியறை. ஓர் ஆள் ஈயப் பாத்திரத்தோடு வந்து, மூடியைத் திறந்து வைத்துவிட்டு, "முழுங்குங்க" என்று சொல்லி, அண்ணன் விழுங்கியதைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அதன்பிறகு யாரும் உள்ளே வரவில்லை. சாப்பாடு கதவோரம் வைக்கப்படும். உமிழ்நீர் நன்றாகச் சுரக்க வேண்டும் என்று புளிப்பு மிட்டாய் சப்பச் சொன்னார்கள். தாப்பாவில் இருக்கும் கொழுந்தியாள் ஒரு பெரிய பை நிறைய அசாம் எனப்படும் புளி மிட்டாய் அனுப்பியிருந்தாள். முதல் நாளே அண்ணனுக்கு வாய் பழையபடி நேராகவில்லை, முத்தம் கொடுக்கப் போகிறவர் மாதிரி குவிந்தே நின்றுவிட்டது.

சுவரில் ஒரு பேசும் கருவியும் ஒரு கேமராவும் இருந்தன. கருவியில் ஃபர்சானா என்ற தாதி பேசுவாள்.

"அங்கிள், பாத்ரூம் போனா ரெண்டு தடவ தண்ணி இழுத்து விடணும், சரியா? பேச முடியலன்னா கை தட்டுங்க. ஒரு தட்டு ஆமா, ரெண்டு தட்டு இல்ல."

அண்ணன் தட்டினார். அப்படியே அவர்களுக்குள் பழக்கமாகிவிட்டது. ஃபர்சானா வேலை முடிந்து கிளம்பும் முன் கருவியை அழுத்தித் தன் பூனையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவாள். அந்தப் பூனை அவளுடைய மாமியாரின் தலையணையில் மட்டும்தான் மூத்திரம் போகுமாம். அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் குரலில் சிரித்தால் கிறீச்சென்று ஓர் ஓசை வரும். ஏதோ இயந்திரம் கெட்டு அலறுகிறது என்று எண்ணி அவள் தொழில்நுட்ப ஆளைக் கூப்பிட ஓடிவிட்டாள்.

"ஆனா ஒன்னு சொல்றேன்" என்று அண்ணன் என்னிடம் சொன்னபோது மட்டும் சிரிக்கவில்லை. "தெனமும் எத்தன தலைய தொடுறோம், அது ஒரு விஷயமாவே தெரியாது. அங்க போய் ரெண்டாம் நாள் கை என்னமோ மாதிரி ஆயிருச்சு. என் தலையவே தொட்டுப் பாத்துக்கிட்டேன். பின்னால சரியா வெட்டல, பிசுறு பிசுறா இருந்துச்சு. எவன்டா இத வெட்டுனதுன்னு யோசிச்சேன். நானேதான், ரெண்டு கண்ணாடி வச்சி."

உடம்பிலிருந்து வெளிவரும் கதிரைக் கருவி வைத்து அளந்து, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஆனால் இன்னும் ஒரு வாரத்துக்கு எல்லாரிடமிருந்தும் இரண்டு மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். தனி அறை, தனிக் கழிவறை, தனித் தட்டு. கையில் ஓர் அட்டையும் கொடுத்தார்கள்.

பிச்சைமுத்து வேனோடு வந்தான். அண்ணன் கடைசி வரிசையில் மூலையில் உட்கார்ந்தார், பிச்சைமுத்து முன்னால். நடுவில் காலி இருக்கைகள். வழியில் தைப்பிங் ஊர் வரைக்கும் அவன் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தான். பதில் வராத பயணம் அவனுக்குப் பழக்கமானதுதானே. சாலைத் தடுப்பில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார். இவ்வளவு இடம் இருக்க அந்த ஆள் மட்டும் ஏன் மூலையில் ஒடுங்கி இருக்கிறார் என்று மலாயில் கேட்டார்.

"ராடியோஆக்திஃப், என்சிக்" என்றான் பிச்சைமுத்து, கதிரியக்கம் சார் என்று மலாயிலேயே.

போலீஸ்காரர் பின்னால் நகர்ந்தார். இன்னும் கொஞ்சம் நகர்ந்தார். அண்ணன் அட்டையை உயர்த்திக் காட்டினார். போலீஸ்காரர் தூரத்திலிருந்தே எட்டி எட்டிப் படித்தார். பிறகு அவர் முகம் மாறியது. தன் அம்மாவுக்கும் புற்று வந்து இப்போது நன்றாக இருக்கிறார் என்று சொன்னார். தன் சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு தண்ணீர்ப் புட்டியை எடுத்து, வேன் கதவைத் திறந்து, தரையில் உருட்டி விட்டார். அது மெதுவாக உருண்டு போய் அண்ணன் காலடியில் நின்றது. போலீஸ்காரர் சல்யூட் அடித்து வழிவிட்டார்.

வீடு வந்து சேர்வதற்குள் புந்தோங்கில் செய்தி பரவிவிட்டது, கொஞ்சம் கலப்படத்தோடு. சீனி அண்ணன் இருட்டில் பச்சையாக மின்னுகிறார் என்றார்கள். அவர் கையில் போனைக் கொடுத்தால் சார்ஜ் ஏறுமா என்று ஒருத்தர் உண்மையாகவே வந்து விசாரித்தார். நல்லம்மாள் அக்கா துடைப்பத்தை எடுத்ததும் போய்விட்டார்.

தம்பிமுத்து ஐயா அளவு நாடாவோடு வந்தார். வீட்டுமுன் கார் நிறுத்துமிடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கிழித்தார். "இந்தப் பக்கம் சீனி, அந்தப் பக்கம் சனம். ஒருத்தரும் தாண்டப்படாது. நானும்தான்." அதன்பிறகு சாயங்காலம் ஆனால் கோட்டுக்கு எங்கள் பக்கம் நாற்காலிகள் சேர ஆரம்பித்தன. பாய் ரம்புத்தான் பறிக்கும் நீளக் கம்பின் நுனியில் சாப்பாட்டுப் பையை மாட்டி நீட்டுவார். பத்தியம் முடிந்து முதல் மீன்தலைக் கறி அப்படித்தான் போனது. பாதி ஐயாவின் சட்டையில் சொட்டியது. "உப்பு சரியா இருக்குது" என்றார் ஐயா, தோளைத் தடவி நாக்கில் வைத்துப் பார்த்து.

இதற்கிடையில் ஒன்று நடந்துகொண்டிருந்தது, எங்களுக்கே தெரியாமல். கடை மூடி ஏறக்குறைய ஒரு மாதமாகியும் நாங்கள் யாரும் வேறு கடைக்குப் போகவில்லை. பேசி வைத்துச் செய்ததில்லை. எனக்குத் தாடி வந்திருந்தது. பிச்சைமுத்துவின் முடி காதை மூடிவிட்டது. தொழிற்சாலையில் அவனைப் புது ஆள் என்று காவலாளி நிறுத்தினானாம். என் மனைவி, "ஏன், ஊருல வேற கத்தரியே இல்லியா?" என்று கேட்டாள். இருக்கிறது. இருந்தாலும் போகத் தோன்றவில்லை. கோட்டுக்கு எங்கள் பக்கம் நாற்காலியில் பரட்டைத் தலைகளாக உட்கார்ந்திருந்த எங்களைப் பார்த்துச் சீனி அண்ணன் ஒருநாள் ஒவ்வொரு தலையாக விரல் நீட்டிக்கொண்டே வந்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

பிரச்சினை பாயின் மகன் நிஹால் ரூபத்தில் வந்தது. சனிக்கிழமை அவனுக்கு நிக்காஹ். பெண் ஹஃபீஸா, ஊர் சிம்பாங் பூலாய். சீனி அண்ணனின் ஒரு வாரம் முடிவது ஞாயிற்றுக்கிழமை.

"சின்னதுலேர்ந்து மாமாதான் வெட்டுனாரு. வேற யாருகிட்டயும் தலைய குடுக்க மாட்டேன்" என்றான் நிஹால்.

"ஒரு நாள்தானே, கிட்டப்போய் வெட்டிட்டா என்ன?" என்றார் பாய்.

"ஏலாது" என்றார் ஐயா. அண்ணனும் கூடாது என்று தலையை ஆட்டினார், புதுமாப்பிள்ளைக்குத் தன்னால் ஒன்றும் வரக்கூடாது. கடைசியில் பிச்சைமுத்து ஒரு யோசனை சொன்னான். சீனி அண்ணன் கோட்டுக்கு அப்பால் நின்று சொல்லச் சொல்ல, இந்தப் பக்கம் ஒருவர் வெட்டுவது. யார் வெட்டுவது? ஐயாவுக்குக் கை நடுக்கம். எனக்குப் பயம். "பரோட்டாவையே கொத்துறேன், முடிய வெட்ட மாட்டேனா?" என்று பாய் கத்தரியை வாங்கிக்கொண்டார்.

சீனி அண்ணனின் குரல் தெருச் சத்தத்தில் கோடு தாண்டி வராது என்பதால், பிச்சைமுத்து வேனிலிருந்து கராவோக்கே பெட்டியையும் மைக்கையும் கொண்டுவந்து வைத்தான். இப்படியாக, வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து சாயங்காலம், புந்தோங்கில் ஒரு தெரு முழுக்க ஒரு முடிவெட்டு ஒலிபரப்பானது.

"சீப்ப... மேல தூக்குங்க பாய். அப்படித்தான். கொஞ்சமா... கொஞ்சமா லா! காது, பாய், காது! காத விட்டுட்டு வெட்டுங்க!"

காற்றுப்போன அந்தக் குரல் ஒலிபெருக்கியில் வேறு மாதிரி இருந்தது, ஏதோ ஆவி அறிவிப்புச் செய்கிற மாதிரி. தெரு ஆட்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார்கள். முன்பக்கம் நன்றாகவே வந்தது. பாய்க்குத் தெம்பு வந்துவிட்டது. பின்பக்கம் போனபோது, "இத நான் பாத்துக்கிறேன் அண்ணே" என்று சொல்லிவிட்டு முடிவெட்டும் மெஷினை எடுத்தார். சீனி அண்ணன் மைக்கில், "பாய், பிளேடு நம்பர மாத்துங்..." என்பதற்குள் சர்ரென்று போய்விட்டது.

பின்மண்டையில் ஐம்பது காசு அளவுக்கு வெள்ளையாக ஒரு வட்டம்.

 "சொங்கோக் தொப்பி போடுவார்தானே" என்றார் தம்பிமுத்து ஐயா மெல்ல. பாய் கத்தரியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கை வைத்தார். அப்போது ஒலிபெருக்கியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பெரிதாகக் கேட்டது. சீனி அண்ணன் மைக் திறந்திருப்பதை மறந்து அழுதுகொண்டிருந்தார். நோய் என்று சொன்னபோதும் அழாதவர், குரல் போனபோதும் அழாதவர், தெருவுக்கே கேட்கிற மாதிரி விசும்பினார்.

"கல்யாணப் புள்ள... என் கையால... ஒரு நாள் தள்ளி இருந்திருந்தா..."

நல்லம்மாள் அக்கா கூட்டத்திலிருந்து ஓடி வந்து கோட்டருகே நின்றுவிட்டார். தாண்டவில்லை. "என்னாங்க, அழுவாதீங்க, மைக் ஆனாயிருக்கு" என்றார், அவரும் அழுதுகொண்டே.

நிஹால் எழுந்து இரண்டு கண்ணாடி வைத்துப் பின்மண்டையைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு சொன்னான்: "மாமா, அழாதீங்க. நீங்க வெட்டுனாலும் பாதி நேரம் இப்படித்தான் இருக்கும்."

தெரு சிரித்தது. ஒலிபெருக்கியில் முதலில் விசும்பல், பிறகு கிறீச்சென்ற அந்தச் சிரிப்பு. எங்கோ ஒரு நாய் பயந்து குரைத்தது.

சனிக்கிழமை நிஹால் சொங்கோக்கைக் கழற்றவே இல்லை. விருந்துக்குப் போக முடியாத சீனி அண்ணனுக்குப் பிரியாணி கம்பின் நுனியில் வந்தது. மூன்றாம் நாள் கடை திறந்ததும் ஹஃபீஸாவே கணவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கடைக்கு வந்தாள். "இத யாரு பண்ணுனது?" என்றாள். கடையில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் பக்கத்துக் கடையைக் காட்டினோம்.

கடை திறந்தது ஞாயிறு விட்டுத் திங்கள். கதவு திறக்கும் முன்னே வரிசை. பரட்டையும் தாடியுமாக நாங்கள் நின்றதைப் பார்த்து, ஏதோ படப்பிடிப்பு என்று வழிப்போக்கர் ஒருவர் போட்டோ எடுத்தார். முதல் ஆள் தம்பிமுத்து ஐயா. துணியைப் போர்த்தியதும் சீனி அண்ணன் அவர் தலையில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை.

"வெட்டுமன்" என்றார் ஐயா.

"இருங்க ஐயா. அவசரம் என்னா?"

"அதுல வெட்டுறதுக்கு ஒண்டும் இல்லை எண்டு எனக்கும் தெரியும்" என்றார் ஐயா. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வரிசையில் இருந்த நாங்களும் அவசரப்படவில்லை.

ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேன் படத்தில் ஒன்றும் தெரியவில்லை, வருடா வருடம் வந்து காட்டினால் போதும் என்றார்கள். குரல் முக்கால்வாசி வந்துவிட்டது. பேசுகிறார், ஆனால் நடுவில் இழுத்துக்கொள்ளும். அப்போது நிறுத்தி, "அப்பறம், நீ சொல்லு" என்பார். பழக்கதோஷத்தில் நாங்களும் சொல்லத் தொடங்கிவிடுவோம். பிச்சைமுத்துவுக்குப் பெண் பார்க்கிறார்கள். பெண்ணிடம் வேன் சீட்டின் பெயரைச் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு முழு முடிவெட்டு நேரம் விவாதம் நடந்தது. வேண்டாம் என்று முடிவானது.

இப்போது சீனி அண்ணனுக்கு ஒரே ஒரு குறைதான். சுரப்பி இல்லாததால் உயிர் உள்ளவரை தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை. போட்டபின் அரை மணி நேரம் தண்ணீரைத் தவிர எதுவும் குடிக்கக் கூடாது. மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு நேராகப் பாய் கடைக்குத்தான் வருவார். பாய் தே தாரே என்ற பால்டீயை நுரை பொங்க இழுத்து ஆற்றி, கண்ணாடிக் குவளையில் ஊற்றி, கடிகாரத்தைப் பார்ப்பார்.

"இன்னும் ஆகல அண்ணே."

"பாய், சும்மா ஒரு வாய் லா."

"ஐயா திட்டுவாரு."

"அப்ப எதுக்கு இப்பவே ஆத்துனீங்க?"

பாய் அந்தக் குவளையை எடுத்து, சீனி அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தானே ஒரு மடக்குக் குடித்து, "இன்னைக்கு நல்லா வந்துருக்கு" என்பார்.